நம்பிக்கையும் உட்பகையும்: தனியார் பிளொக்செயின் முறைமைகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

கடந்த பத்தாண்டுக் காலத்தில் வங்கிகளும் கப்பற் கொம்பனிகளும் அரசாங்கங்களும் சர்வதேச உதவி நிறுவனங்களும் பிளொக்செயின் எனப்படும் தொடர்ப் பேரேட்டு முறையைத் தமது அலுவல்களிற் புகுத்த முயன்று வந்துள்ளன. இம்முயற்சிகளுட் பல, எவரும் சேரக்கூடிய பொதுப் பேரேடுகளாக அன்றி, அனுமதி பெற்றோர் மாத்திரமே சேரக்கூடிய தனியார் பேரேடுகளாக அமைந்தன. ஆயினும், பொதுப் பேரேட்டைக் குறித்து எழுந்த புகழுரைகள் தனியார் பேரேட்டிற்கும் அவ்வாறே எடுத்தாளப்பட்டன. ‘மாற்ற முடியாத பதிவு’, ‘மையமற்ற அமைப்பு’, ‘எவரையும் நம்பவேண்டிய தேவையின்மை’ ஆகிய தொடர்கள் விளம்பரங்களிலிருந்து அரசாங்க அறிக்கைகளுக்கும், அங்கிருந்து ஆய்வுக் கட்டுரைகளுக்கும் இடம்பெயர்ந்துள்ளன.

இத்தொடர்கள் எவ்வளவு தூரம் பொருளுடையன என்பதே இக்கட்டுரையில் நாம் பரிசீலிக்க முற்படும் வினாவாகும். எமது நிலைப்பாட்டை முதலிலேயே கூறிவிடுவது நன்று. தனியார் பிளொக்செயின் நம்பிக்கையின் தேவையை ஒழிப்பதில்லை. அதனை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு மாற்றுகின்றது. வங்கி எழுதுவினைஞர்மீதும் பதிவாளர்மீதும் முன்னர் வைக்கப்பட்ட நம்பிக்கை, இப்பொழுது உறுப்புரிமை வழங்குவோர், இரகசியத் திறப்புகளை வைத்திருப்போர், மென்பொருளை எழுதுவோர் ஆகியோர்மீது வைக்கப்படுகின்றது. இவர்கள் முறைமையின் உள்ளே இருப்பவர்கள். எனவே, இம்முறைமைக்கு நேரக்கூடிய ஆபத்துகளுள் முதன்மையானதும் உள்ளிருந்தே தோன்றுவது.

இதற்குத் தமிழிற் புதுச்சொல் தேடவேண்டிய அவசியம் இல்லை. ‘உட்பகை’ என்பது திருக்குறளின் பொருட்பாலில் ஓர் அதிகாரத்தின் பெயர். அதே பாலில் வரும் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரப் பெயரும் எமது கவனத்திற்குரியது. தெளிதல் என்பது இங்கு நம்புதலைக் குறிக்கும். ஆராய்ந்த பின்னரே நம்பவேண்டும் என்பது அப்பெயரிலேயே அமைந்துள்ளது. நம்பிக்கையை ஒரு மனநிலையாகக் கொள்ளாது, சோதனையோடு கூடிய ஒரு நடைமுறையாகக் கொள்ளும் இக்கண்ணோட்டம் எமது ஆய்வுக்கும் பொருத்தமானது.

2

இத்தொழில்நுட்பம் தோன்றிய சூழலைச் சுருக்கமாக நோக்குதல் அவசியம். 1991ஆம் ஆண்டில் ஸ்டுவட் ஹேபர், ஸ்கொட் ஸ்ரோர்னெற்றா ஆகிய இருவரும், ஒரு மின்னாவணம் குறிப்பிட்ட காலத்தில் இருந்தது என்பதை எவ்வாறு பின்னர் நிறுவலாம் என ஆராய்ந்தனர். ஒவ்வோர் ஆவணத்திற்கும் ஹாஷ் எனப்படும் சுருக்கக் குறி ஒன்றைக் கணித்து, அக்குறியை அடுத்த பதிவோடு பிணைத்துச் செல்வதே அவர்கள் கண்ட வழி. இடையிலுள்ள ஒரு பதிவை மாற்றினால் அதன்பின் வரும் பிணைப்புகள் அனைத்தும் பொருந்தாது போய்விடும். எனினும், முழுச் சங்கிலியையும் வைத்திருப்பவரே அதனைத் தொடக்கத்திலிருந்து திருத்தி எழுதினால் என் செய்வது? இவ்வினாவுக்கு அவர்கள் கண்ட விடை எளிமையானது. 1995 முதல் அச்சங்கிலியின் சுருக்கக் குறி ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் வாரந்தோறும் வெளியிடப்பட்டது. அச்சாகி ஆயிரக்கணக்கானோர் கைக்குச் சென்ற பத்திரிகையைத் திரும்பப் பெற்றுத் திருத்த எவராலும் இயலாது. அதாவது, பதிவின் நம்பகம் கணிதத்தினால் மாத்திரம் கிடைக்கவில்லை. பொதுமக்கள் கையில் ஒரு சான்று இருந்தமையாலும் கிடைத்தது.

2008 ஒக்ரோபர் 31இல் சற்றோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியிடப்பட்ட கட்டுரையும், 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்கொயினும் இப்பிரச்சினைக்கு வேறொரு தீர்வை முன்வைத்தன. உலக நிதி நெருக்கடியினால் வங்கிகள் மீதான நம்பிக்கை தகர்ந்திருந்த வேளை அது. எவரும் பேரேட்டின் படியொன்றை வைத்திருக்கலாம். புதிய பக்கத்தை எழுதும் உரிமை, பெருமளவு கணிப்புழைப்பைச் செலவிடுவோருக்குப் போட்டியின் மூலம் கிடைக்கும். பழைய பக்கத்தை மாற்ற விரும்புவோர் அவ்வுழைப்பு முழுவதையும் மீளச் செய்யவேண்டும். மின்சார விரயம் முதலிய கடுமையான குறைபாடுகள் இதற்கு உண்டு. ஆயினும் மோசடியைச் செலவுமிக்கதாக்கும் ஒரு பொறிமுறை அதில் இருந்தது என்பதை மறுத்தல் இயலாது.

நிறுவனங்கள் இதனை எடுத்தாண்டபோது அப்பொறிமுறையையே முதலில் நீக்கின. போட்டியாளர் பார்வைக்குத் தமது கணக்குகளை வைக்க அவை விரும்பவில்லை; முன்பின் அறியாதோர் பதிவை எழுதுவதையும் விரும்பவில்லை. ஆகவே கணிப்புழைப்பின் இடத்தில் உறுப்புரிமை வைக்கப்பட்டது. சான்றிதழ் பெற்ற சில கணுக்கள் மாத்திரம் கூடி ஒப்புதல் அளிக்கும். லினக்ஸ் நிறுவகத்தின் ஆதரவில் வளர்ந்த ஹைப்பர்லெட்ஜர் ஃபப்ரிக் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இம்மாற்றம் வேகத்தையும் இரகசியத்தையும் தந்தது உண்மை. ஆனால் இதனோடு பாதுகாப்பின் அடிப்படையே மாறிவிட்டது. முன்னதில் மோசடிக்குத் தடையாக நின்றது செலவு. பின்னதில் தடையாக நிற்பது உறுப்பினரின் நன்னடத்தை. பெயர் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று.

3

உறுப்பினருட் சிலர் தீயவராயினும் முறைமை பிழைக்கும் என்பது ஆதரவாளர் கூறும் விடை. இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. 1982இல் லெஸ்லி லாம்போட், றொபேட் ஷொஸ்ராக், மார்ஷல் பீஸ் ஆகியோர் ‘பைசாந்தியத் தளபதிகள்’ என்ற உருவகத்தின் மூலம் இப்பிரச்சினையை வகுத்துரைத்தனர். ஒரு நகரை முற்றுகையிட்ட தளபதிகள் தூதுவர் மூலமே பேசிக்கொள்ள முடியும். அவர்களுட் சிலர் துரோகிகள். எஞ்சியோர் ஒரே முடிவுக்கு வருவது எவ்வாறு? செய்திகள் கையொப்பமற்ற வாய்மொழியாக இருப்பின், துரோகிகள் மூன்றிலொரு பங்கிலும் குறைவாக இருந்தாலன்றி உடன்பாடு இயலாது என அவர்கள் நிறுவினர். 1999இல் மிகுவெல் காஸ்ரோவும் பார்பரா லிஸ்கோவும் இதனை நடைமுறைக்கு ஏற்ற வேகத்திற் செய்துகாட்டினர். நான்கு கணுக்களுள் ஒன்றும், ஏழனுள் இரண்டும், பத்தனுள் மூன்றும் பகையாயினும் தாங்கும் முறைகள் அதனையொட்டி வளர்ந்தன.

இங்கு இரு விடயங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, தனியார் பேரேடுகள் யாவும் இவ்வகைப் பாதுகாப்பையே பயன்படுத்தின என்று கொள்வது தவறு. ஹைப்பர்லெட்ஜர் ஃபப்ரிக்கை எடுத்துக்கொண்டால், 2017இல் வந்த 1.0 பதிப்பு முதல் 2024இல் 3.0 பதிப்பு வரும்வரை, அதனோடு வழங்கப்பட்ட வரிசைப்படுத்தும் சேவை கணுக்கள் செயலிழந்து போவதைத் தாங்கக்கூடியதாக இருந்ததேயன்றி, அவை பொய் சொல்வதைத் தாங்கக்கூடியதாக இருக்கவில்லை. நின்றுபோன கடிகாரமும் வேண்டுமென்றே பிழையாக ஓடவிடப்பட்ட கடிகாரமும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு வல்லுநர் ஆவணங்களில் தெளிவாகவே கூறப்பட்டுள்ளது. விற்பனைப் பிரசுரங்களில் அது மறைந்துபோயிற்று.

இரண்டாவது விடயம் இதனினும் அடிப்படையானது. மூன்றிலொரு பங்கு என்ற கணக்கு, கணுக்கள் ஒன்றையொன்று சாராது தனித்தனியே கெடும் என்ற எடுகோளின்மேல் நிற்பது. பத்துக் கணுக்களும் ஒரே நிறுவனத்தின் சேவையகங்களில், ஒரே மென்பொருளுடன், ஒரே நிருவாகியின் கடவுச்சொல்லுக்குக் கட்டுப்பட்டு இயங்குமாயின் அவை பத்து அல்ல, ஒன்றே. அந்த ஒருவர் விலைபோனாலோ, ஏமாற்றப்பட்டாலோ, சிறைப்பட்டாலோ பத்தும் ஒருங்கே வீழும். கணிதம் எண்ணுவது கணுக்களை. சமூக ஆய்வு எண்ணவேண்டியது அவற்றின் பின்னாலுள்ள அதிகார மையங்களை. தொழில்நுட்ப விமர்சனமும் சமூக விமர்சனமும் சந்திக்கும் இடம் இதுவேயாகும்.

4

உட்பகை முறைமையின் எப்பகுதிகளில் இடங்கொள்ள முடியும் என்பதை அடுத்து நோக்குவோம்.

முதலாவது, உறுப்புரிமைச் சான்றிதழ் வழங்கும் பீடம். இது கெடுமாயின் பொய்யான உறுப்பினரை உண்மையான உறுப்பினராகக் காட்டலாம். 2011இல் டிஜிநோட்டார் என்ற டச்சுச் சான்றிதழ் நிறுவனம் ஊடுருவப்பட்டு, கூகிள் உட்படப் பல தளங்களின் பெயரிற் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்தன. அந்நிறுவனம் அதே ஆண்டு செப்ரெம்பரில் முறிவடைந்தது. அது பிளொக்செயின் சம்பந்தப்பட்ட நிகழ்வன்று. ஆயினும் தனியார் பேரேடுகள் சார்ந்திருப்பதும் அதே வகைப் பீடத்தையே.

இரண்டாவது, மென்பொருளை எழுதுவோரும் நிருவகிப்போரும். கென் தொம்சன் 1984இல் வெளியான தமது ரூறிங் விருது உரையில், மூலநிரலில் எவ்விதக் குற்றமும் காணப்படாத ஒரு செய்நிரலுள் அதனை மொழிமாற்றும் கருவியே கள்ளவழியை நுழைத்துவிடலாம் எனக் காட்டினார். நிரலை வாசித்துவிட்டோம், ஆகவே எவரையும் நம்பவேண்டியதில்லை என்பார்க்கு அவ்வுரை இன்றும் விடையாக நிற்கின்றது.

மூன்றாவது, தரவை முதலிற் பதிபவர். பேரேடு தன்னிடம் தரப்பட்டதை மாற்றாது காக்கும்; தரப்பட்டது உண்மையா என அறியாது. பதியாது விடப்பட்டதைப் பற்றியோ அதற்கு எதுவும் தெரியாது. 2018 பெப்ரவரியில் இந்தியாவின் பஞ்சாப் நஷனல் வங்கி வெளியிட்ட மோசடி இவ்வகையில் முக்கியமானது. மும்பைக் கிளையொன்றின் ஊழியர்கள் ஸ்விஃப்ற் செய்தி முறைமையினூடாகப் பிணைக் கடிதங்களை அனுப்பி, அவற்றை வங்கியின் மையக் கணக்கு முறைமையிற் பதியாது விட்டனர் என அவ்வங்கி அறிவித்தது. ஏறத்தாழ 1.8 பில்லியன் டொலர் சம்பந்தப்பட்டிருந்தது. செய்திகள் முறையான அத்தாட்சியுடனேயே சென்றன. அத்தாட்சியை வழங்கும் அதிகாரம் உடையோர் உள்ளிருந்தனர் என்பதே பிரச்சினை.

நான்காவது, இரகசியத் திறப்புகளை வைத்திருப்போர். இவ்விடத்தில் ஒரு பழைய உண்மையை நினைவூட்டலாம். 1995இல் பேரிங்ஸ் வங்கியைச் சிங்கப்பூரிலிருந்த ஓர் ஊழியர் 827 மில்லியன் பவுண் நட்டத்தில் ஆழ்த்தி வீழ்த்த முடிந்தமைக்குக் காரணம், வாணிகம் செய்யும் பொறுப்பும் அவ்வாணிகத்தின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பும் ஒரே கையில் இருந்தமையாகும். பொறுப்புகளைப் பிரித்து வைத்தல் என்ற கணக்கியல் விதி, கணினிக்கு மிக முற்பட்டது. பல திறப்புகளின் கூட்டொப்பம் என்ற நவீன ஏற்பாடு அவ்விதியின் மறுவடிவமே. பெயரளவில் மாத்திரம் அது கடைப்பிடிக்கப்பட்டால் யாது நிகழும் என்பதைப் பின்வரும் நிகழ்வு காட்டுகின்றது.

5

ரொனின் என்பது ‘அக்ஸி இன்ஃபினிற்றி’ என்ற கணினி விளையாட்டுக்காக ஸ்கை மேவிஸ் கொம்பனி அமைத்த பேரேடு. அதனை வாசிப்பதற்கு எவருக்கும் தடையில்லை. ஆனால் ஒப்புதல் அளிக்கும் உரிமை தெரிவுசெய்யப்பட்ட 9 கணுக்களுக்கே இருந்தது. எனவே ஒப்புதலைப் பொறுத்தமட்டில் அது அனுமதி முறையைச் சேர்ந்ததாகும். ஒன்பதில் ஐந்து கணுக்கள் ஒப்பமிட்டாற் பணம் வெளியேறலாம். ஒன்பதில் நான்கு கணுக்கள் ஸ்கை மேவிஸ் வசமே இருந்தன. ஆகவே ஒரு கணு மாத்திரமே அக்கொம்பனிக்கும் முழு அதிகாரத்திற்கும் இடையில் நின்றது.

2021 நவெம்பரில் பாவனையாளர் தொகை மிகுந்து பளு கூடியபோது, அக்ஸி கூட்டமைப்பு தனது கணுவின் சார்பில் ஒப்பமிட ஸ்கை மேவிஸுக்கு அனுமதி வழங்கியது. டிசெம்பரில் அத்தேவை நீங்கியது, அனுமதி நீக்கப்படவில்லை. 2022 மார்ச் 23இல், ஊழியர் ஒருவரை ஏமாற்றி உட்புகுந்தோர் கொம்பனியின் நான்கு திறப்புகளையும் கைப்பற்றி, மறக்கப்பட்ட அந்த அனுமதியின் வழியே ஐந்தாவது ஒப்பத்தையும் பெற்றனர். 173,600 ஈதரும் 25.5 மில்லியன் டொலர் பெறுமதியான நாணயமும் இரண்டே பரிமாற்றங்களில் வெளியேறின. மொத்தப் பெறுமதி 600 மில்லியன் டொலருக்கு மேற்பட்டது. வட கொரியாவுடன் தொடர்புடைய லாஸரஸ் குழுவே இதனைச் செய்தது என அமெரிக்கப் புலனாய்வுப் பணியகம் பின்னர் அறிவித்தது.

பகைவர் வெளியார், ஆனால் அவர் பயன்படுத்திய அதிகாரம் உள்ளாருடையது. கணிதக் குறியீடு எதுவும் உடைக்கப்படவில்லை. பேரேடு தன் விதிகளின்படியே செயற்பட்டது. ஐந்து முறையான ஒப்பங்கள் கிடைத்தன, பணத்தை விடுவித்தது. களவு நிகழ்ந்தமை ஆறு நாட்களின் பின்னர், பாவனையாளர் ஒருவர் 5,000 ஈதரை மீளப்பெற இயலாது முறையிட்டபோதே தெரியவந்தது. எல்லோருக்கும் திறந்திருந்த பேரேட்டை எவரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வெளிப்படைத்தன்மை வேறு, கண்காணிப்பு வேறு என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. கொவிட் காலத்தில் வேலையிழந்த பிலிப்பைன்ஸ் இளைஞர் பலர் இவ்விளையாட்டையே பிழைப்பாகக் கொண்டிருந்தனர் என்பதையும் இங்கு மறத்தலாகாது. திறப்புகள் எவரிடம் உள்ளன என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை.

2023 ஜூலையில் மல்ரிசெயின் என்ற சேவையிலிருந்து நூறு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட சொத்து வெளியேறியது. திறப்புகளைப் பல கணுக்களிடையே பங்கிட்டு வைத்திருப்பதாக அச்சேவை கூறி வந்தது. ஆனால் அவ்வாண்டு மே மாதத்தில் அதன் தலைமை நிறைவேற்று அதிகாரி சீனப் பொலிசாரால் அழைத்துச் செல்லப்பட்ட பின்னரே, அக்கணுக்கள் அனைத்தும் அவரது தனிப்பட்ட சேவையகக் கணக்கில் இயங்கி வந்தமையை அக்குழுவினர் அறிக்கையொன்றில் ஒப்புக்கொண்டனர். பல என்று எண்ணப்பட்டது ஒன்றாகவே இருந்தது.

6

இதுவரை கூறியவை களவு சம்பந்தமானவை. களவு எதுவும் நிகழாமலே நம்பிக்கையின்மையால் வீழ்ந்த முறைமைகளும் உள்ளன.

மேர்ஸ்க் கப்பற் கொம்பனியும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து 2018இல் தொடங்கிய ‘ட்ரேட்லென்ஸ்’, உலகக் கொள்கலன் போக்குவரத்தின் ஆவணங்களை ஒரே பேரேட்டில் இணைக்க முற்பட்டது. பிற பெருங் கொம்பனிகள் சிலவும் 2019இற் சேர்ந்தன. ஆயினும், உலகளாவிய தொழில்துறை ஒத்துழைப்பு முழுமையாகக் கைகூடவில்லை எனக் கூறி, 2022 நவெம்பரில் அதனை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. போட்டியாளர்களுள் ஒருவரே பேரேட்டின் உரிமையாளராகவும் இருக்கையில் ஏனையோர் தயங்கியதில் வியப்பில்லை. எவரையும் நம்பவேண்டியதில்லை என்ற தொழில்நுட்பம், அதன் உடைமையாளரை நம்ப இயலாமையினாலேயே இடர்ப்பட்டது. உடைமை உறவுகளைத் தீர்க்காது பேரேட்டின் வடிவத்தை மாத்திரம் மாற்றியமையின் விளைவு இது.

அதே 2022 நவெம்பரில் அவுஸ்திரேலியப் பங்குச் சந்தை, தனது தீர்வு முறைமையைப் பங்கிடப்பட்ட பேரேட்டுக்கு மாற்றும் திட்டத்தை நிறுத்தி, ஏறத்தாழ 250 மில்லியன் அவுஸ்திரேலிய டொலரை நட்டமாக எழுதித் தள்ளியது. 2017 டிசெம்பரில் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. அதன் வீழ்ச்சிக்கு வடிவமைப்பின் சிக்கலும் நிருவாகக் குறைபாடுகளும் காரணமாயின, உட்பகை அன்று. எனினும், ஒரேயொரு நிறுவனம் மையமாக நின்று நடத்தும் அலுவலுக்கு மையமற்ற பேரேடு எதற்கு என்ற வினா அங்கு எழவே செய்கின்றது.

7

உறுப்பினருக்கிடையிலான நம்பிக்கையைப் பற்றி மாத்திரம் பேசி முடித்தால் எமது ஆய்வு குறையுடையதாகும். பேரேட்டில் எழுதப்படுவோர் யார் என்றும் கேட்டல் வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் உலக உணவுத் திட்டம் 2017 மே மாதத்தில் ஜோர்தானின் அஸ்றாக் முகாமில், ஏறத்தாழ 10,000 சிரிய அகதிகளுக்கான உணவு உதவியை எதேரியம் மென்பொருளின் அடிப்படையிலமைந்த ஒரு தனியார் பேரேட்டின் மூலம் வழங்கத் தொடங்கியது. அகதி கடைக்குச் சென்று கண்ணின் கருவிழிப் படலத்தைக் கருவிக்குக் காட்டுவார். அவர் கணக்கிலிருந்து தொகை கழிக்கப்படும். வங்கிக் கட்டணங்கள் இதனாற் பெருமளவு குறைந்தன. இந்நன்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குறைந்த கட்டணம் கூடிய உணவாகும். ஆயினும் தொடக்கத்தில் அப்பேரேட்டில் யார் சேரலாம் என்பதைத் தீர்மானித்தது அந்நிறுவனமே. அவ்வாறாயின் சாதாரண தரவுத்தளத்திலிருந்து அது அடிப்படையில் எவ்வாறு வேறுபடுகின்றது என்று அப்பொழுதே விமர்சகர் வினவினர்.

எமது வினா வேறொன்று. கண்ணைக் காட்டினாலன்றி உணவில்லை என்ற நிலையில் உள்ள ஒரு பெண், அம்முறைமையை நம்புகின்றாள் என்று கூறலாமா? மறுக்கும் வாய்ப்பு உள்ளவிடத்தே நம்பிக்கை என்ற சொல் பொருள்படும். ஏனையவிடத்து அது கீழ்ப்படிதலேயாகும். அவளது விபரங்களைக் கையாளும் ஊழியரும், ஒப்பந்தக் கொம்பனியும், பின்னாளில் அவற்றைக் கேட்டுப் பெறக்கூடிய அரசாங்கமும் அவளுக்கு உள்ளார். அவளோ தன்னைப் பற்றிய பதிவுக்கே வெளியாள். இது வெறும் ஊகமன்று. பங்களாதேஷில் றோஹிங்யா அகதிகளிடமிருந்து ஐ.நா. அகதிகள் நிறுவனம் திரட்டிய விபரங்கள், அவர்களது தெளிவான சம்மதமின்றிப் பங்களாதேஷ் அரசினூடாக மியன்மார் அரசைச் சென்றடைந்தன என மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 ஜூனில் அறிக்கையிட்டது. சம்மதம் பெறப்பட்டது என அந்நிறுவனம் மறுத்தது. அது பிளொக்செயின் முறைமையன்று என்பது உண்மை. ஆனால் எந்தப் பகைவரிடமிருந்து தப்பி ஓடினரோ அவரிடமே பதிவு போய்ச் சேரக்கூடும் என்ற ஆபத்து, அழிக்கவோ திருத்தவோ முடியாத பேரேட்டில் மேலும் பெரிதாகும். மாற்ற முடியாமை எல்லோருக்கும் ஒரே வகையில் நன்மையன்று. கடன் கொடுத்தவனுக்கு அது பாதுகாப்பு. தவறாகப் பதியப்பட்டவனுக்கு அது தண்டனை.

8

தனியார் பேரேடுகளாற் பயனில்லை என்பது எமது முடிவன்று. ஒருவரையொருவர் ஓரளவு அறிந்த, நலன்கள் வேறுபட்ட, வலிமையிற் பெரிதும் ஏற்றத்தாழ்வற்ற நிறுவனங்கள் கூடித் தமக்குள் ஒரு பதிவை வைத்திருக்க அவை உதவும். எவரேனும் பழைய பதிவை மாற்றினால் ஏனையோர் அறிவர் என்பது சிறு பயனன்று. திறப்புகளைத் தனிக்கருவிகளிற் பூட்டிவைத்தலும், பொறுப்புகளைப் பிரித்தலும், கூட்டொப்பத்தை மெய்யாகவே தனித்தனி நிறுவனங்களிடம் ஒப்படைத்தலும் உட்பகையின் வாய்ப்பைக் குறைக்கும். பொதுப் பேரேடுகளும் சில பெருங் கொம்பனிகளின் கணிப்பு வலிமைக்குள் ஒடுங்கிவரும் இந்நாளில், அவற்றை இலட்சியமாகக் காட்டவும் நாம் விரும்பவில்லை.

நாம் மறுப்பது, தொழில்நுட்பம் நம்பிக்கைப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டது என்ற கருத்தையே. அக்கருத்து ஒரு கருத்தியலாகத் தொழிற்படுகின்றது. பொறுப்புக்கூற வேண்டிய மனிதரைப் பார்வையிலிருந்து மறைத்து, அவர் இடத்தில் பொறியை நிறுத்துகின்றது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் அத்தாட்சிகளைக் கைப்பற்றியோர் நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து பணம் அனுப்பக் கட்டளையிட்டபோது, 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸைச் சென்றடைந்து மறைந்தது. இலங்கையிலிருந்த ஓர் அமைப்பின் பெயருக்கு வந்த 20 மில்லியன் டொலரோ தடுக்கப்பட்டது. பெயரில் இருந்த எழுத்துப் பிழையை வங்கி ஊழியர் கவனித்து ஐயுற்றமையே அதற்குக் காரணம். முறைமைக்கு அத்தாட்சி போதுமாயிருந்தது; மனிதருக்குப் போதவில்லை. ஐயுறும் அதிகாரம் உடைய ஊழியரைச் செலவாகக் கருதி நீக்கும் எந்தச் சீர்திருத்தமும் பாதுகாப்பைக் கூட்டாது.

பதிவைக் காப்போரைக் காப்பது யார் என்ற வினா எமது வரலாற்றுக்கும் புதிதன்று. கி.பி. 10ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் மீண்டும் தெரிவாகாது விலக்கியது. விதி கல்லிற் பொறிக்கப்பட்டது. எவரும் பின்னர் அதனை இரகசியமாகத் திருத்த இயலாது. உட்பகைக்கு எதிரான ஏற்பாடு என்றவகையில் அது பாராட்டத்தக்கது. ஆனால் அதே கல்வெட்டு, வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையோரையே தெரிவுக்குரியோராக்கியது. அந்நிலத்தில் உழைத்தோர் அச்சபையின் கணக்கைக் கேட்கும் உரிமை பெறவில்லை. உள்ளார் ஒருவரையொருவர் நன்கு கண்காணித்தனர். வெளியார் எவரையும் கண்காணிக்க இயலவில்லை. இன்றைய தனியார் பேரேட்டின் சிறப்பும் குறையும் ஏறக்குறைய இவையே.

இலங்கை மத்திய வங்கியும், வாடிக்கையாளரை அறிந்துகொள்ளும் விபரங்களை வங்கிகள் பகிர்ந்துகொள்வதற்கான பிளொக்செயின் முன்மாதிரியொன்றை 2021இற் பரீட்சித்தது. ஆகவே இவ்வினாக்கள் எமக்கும் தொலைவில் இல்லை. இத்தகைய முறைமை எதனையும் ஏற்குமுன் சிலவற்றை வற்புறுத்திக் கேட்டல் வேண்டும். உறுப்புரிமையை வழங்குவதும் நீக்குவதும் யார்? ஒப்புதல் அளிக்கும் கணுக்கள் உண்மையில் எத்தனை அதிகார மையங்களுக்கு உரியவை? தற்காலிகமாக வழங்கிய அனுமதி எப்பொழுது, யாரால் மீளப்பெறப்படும்? பிழையான பதிவைத் திருத்துமாறு சாதாரண குடிமகன் எவ்விடத்தில் முறையிடலாம்? பேரேட்டின் சுருக்கக் குறி, உறுப்பினர் அல்லாதோரும் ஒப்பிட்டுப் பார்க்குமாறு காலந்தோறும் பகிரங்கமாக வெளியிடப்படுமா? இறுதி வினாவுக்கு 1995இலேயே பத்திரிகை விளம்பரத்தின் மூலம் விடை காணப்பட்டது என்பதை முன்னர் கண்டோம்.

இவ்வினாக்களுட் பெரும்பாலானவை கணினி விஞ்ஞானம் கற்காதவரும் கேட்கக்கூடியவை. இவற்றுக்கு விடை தரப்படும்வரை, நம்பவேண்டியதில்லை என்ற உறுதிமொழியை, வினவவேண்டியதில்லை என்ற கட்டளையாகவே நாம் கொள்ளவேண்டியிருக்கும்.